ஆறு கிராம் புரோபோலிஸ்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு என்னை மதிப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். முப்பத்தோரு வருடம் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். எலுமிச்சைச் சாறு வந்தால்கூட நாக்கில் வைக்காமல் கருவியில் வைப்பவன். அப்படிப்பட்டவன், சோதனை முழுதாக முடியாத ஒரு பொருளில் ஆறு கிராமை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், தேனில் குழைத்து, ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மகளுக்கு ஏழு நாள் கொடுத்தேன். காலையில் ஓர் உருண்டை, மாலையில் ஓர் உருண்டை. அதில் ஈயம் இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் ஷர்மிளா. எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். போன மாதம் கைப்பேசியில் ஒரு காணொளி அனுப்பினாள். கெலுலுட் என்று நம் ஊரில் சொல்லும் கொட்டாத தேனீயின் புரோபோலிஸைக் குடித்தால் சர்க்கரை, கொழுப்பு, மூட்டுவலி, மனக்கவலை எல்லாம் போய்விடும் என்று ஒருவர் கண்கலங்கிச் சொல்கிறார். "அண்ணே, இந்த மாதிரி சாம்பிள் நெறைய வருது லா. நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்டாமே? புதுசா சேர்ந்தவங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றாள். எக்ஸ்பர்ட்! அந்தப் பட்டத்தை நான் எப்படி வாங்கினேன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குவளை கழுவச் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழுவினேன், ஒரு வருடம் உடைத்தேன், அதற்குப் பிறகு அளக்கக் கற்றுக்கொண்டேன். நெத்திலி, சோயா சாஸ், கிணற்றுத் தண்ணீர், குழந்தைப் பால்மாவு என்று வந்ததையெல்லாம் அளந்தேன். கடைசிப் பத்து வருடத்தில்தான் கெலுலுட் தேனும் புரோபோலிஸும் வர ஆரம்பித்தன.

என் மேலதிகாரி டாக்டர் புவனேஸ்வரி. நாங்கள் மேடம் என்போம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே ரயில்வே கிளார்க்காக வந்தவர்களாம். மேடம் பிறந்தது, படித்தது எல்லாம் ஜார்ஜ்டவுனில்தான், ஆனாலும் வீட்டுப் பேச்சு நாக்கைவிட்டுப் போகவில்லை. ஒல்லியான உருவம், வெள்ளைக் கோட்டின் மேல்பையில் எப்போதும் ஒரு சிறிய அடிக்கோல். அந்த அடிக்கோலைக் கண்டால் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்து உள்ளங்கை கூசும். அடிப்பதற்காக அவர் அதை வைத்திருக்கவில்லை, கோடு போடுவதற்காக வைத்திருந்தார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பதிவுப் புத்தகத்தில் பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கும் எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, ஏன் மாற்றினோம் என்று சொல்லி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஒருமுறை என் மேசை இழுப்பறையில் வெள்ளை மைப் போத்தல் ஒன்றைக் கண்டுபிடித்த மேடம் என்னைத் திட்டவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு வந்து, இடுக்கியால் அதைத் தூக்கி, 'அபாயகரமான கழிவு' என்று ஒட்டியிருந்த தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. "புரோபோலிஸ் நல்லது", "புரோபோலிஸ் கெட்டது" என்று யாரும் பேசக்கூடாது. "இந்த மாதிரியில" என்று, கையில் இருக்கும் சாம்பிளைச் சொல்லித் தொடங்க வேண்டும். "இந்த மாதிரியில இவ்வளவு இருக்கு" என்று முடிக்க வேண்டும். நடுவில் நம் ஆசை எதுவும் நுழையக்கூடாது. புரோபோலிஸ் விஷயத்தில் இந்தப் பழக்கம் எவ்வளவு சரி என்று அப்போது எனக்குத் தெரியாது. தேன் என்றால் பூவிலிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். புரோபோலிஸ் பூவிலிருந்து வருவதில்லை. மரத்தில் காயம் பட்டால் கசியும் பிசின், மொட்டின் மேல் இருக்கும் பசை, இவற்றைத் தேனீ காலில் ஒட்டிக்கொண்டு வந்து, தன் மெழுகோடும் எச்சிலோடும் கலந்து, கூட்டின் ஓட்டைகளை அடைக்கிறது. எறும்பும் கிருமியும் உள்ளே வராதபடி காவல் காக்கும் பசை. ஏறக்குறையப் பாதி பிசின், மூன்றில் ஒரு பங்கு மெழுகு, மீதி வாசனை எண்ணெய், மகரந்தம், இன்னும் சில்லறைச் சாமான்கள் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அது சாதாரணத் தேனீக்கான கணக்கு. கெலுலுட் இன்னும் அதிகமாகப் பிசின் சேர்க்கும், கூட்டுக்கு வாசற்குழாயே பிசினால்தான் கட்டும். எந்த மரத்தின் பிசின் என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பதும் மாறும். குளிர்நாட்டில் ஒரு மரம், அதற்கு ஒரு ரசாயனம். இங்கே மங்குஸ்தீன், மா, குங்கிலியம் தரும் டாமார் என்று வேறு வேறு. மங்குஸ்தீன் பக்கத்தில் இருந்தால் கிருமியைத் தடுக்கும் மஞ்சள் பொருள் இருக்கும். மாமரம் பக்கத்தில் இருந்தால், மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகுமே, அந்தச் சாதிப் பொருளும் சேர்ந்து வரும். போத்தலின் மேல் ஒரே பெயர், உள்ளே ஊருக்கு ஒரு சரக்கு.

மணியம் அண்ணன் வந்தது ஒரு திங்கட்கிழமை. பத்து காவானில் ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் பால் மரம் சீவியவர். தோட்டம் போய்த் தொழிற்பேட்டை வந்த பிறகு, மிச்சமிருந்த ஒரு துண்டு நிலத்தில் கெலுலுட் பெட்டிகள் வைத்திருந்தார். பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்பும் பழுப்புமாக ஒரு கட்டி. மூடியைத் திறந்ததும் சாம்பிராணியும் ஊறுகாயும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

"தம்பி, இதுல சத்து எவ்ளோன்னு ஒரு பேப்பர் வேணும். பேப்பர் இருந்தாத்தான் கடைக்காரன் வாங்குவேங்கிறான்."

"என்ன சத்துண்ணே?"

"எனக்கென்ன தெரியும்? கடையில இருந்த போத்தல்ல ஃபீனாலிக்னு போட்டிருந்துச்சி. அதையே பாரு."

அந்த வாரம் மேடம் கோலாலம்பூரில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தார். கூடத்தில் நான்தான் ராஜா. ராஜா செய்த வேலையைக் கேளுங்கள்.

புரோபோலிஸை அப்படியே அரைக்க முடியாது. அறைச் சூட்டில் அது சூயிங்கம் மாதிரி, அரவையைப் பிடித்துக்கொண்டு விடாது. ஓர் இரவு உறைய வைக்க வேண்டும். எடுத்த கையோடு, அது மறுபடி இளகுவதற்குள் அரைத்துவிட வேண்டும். அப்போது கண்ணாடி மாதிரி நொறுங்கும், சில துண்டுகள் மூடியிடுக்கு வழியாகத் துள்ளிச் சிதறும். செவ்வாய்க்கிழமை காலை அரைத்தேன். பதிவுப் புத்தகத்தில் தோற்றம் என்ற கட்டத்தில், 'கரும்பழுப்பு, ஆங்காங்கே ஆரஞ்சு நிறத் துகள்கள்' என்று எழுதினேன்.

தூளில் கொஞ்சத்தைச் சாராயத்தில் போட்டுக் குலுக்கி, வடிதாளில் வடித்து, தெளிந்த வடிநீரில் மட்டும் சோதனையைச் செய்தேன். ஒரு மஞ்சள் கரைசலைச் சேர்ப்போம். ஃபீனாலிக் பொருள் இருந்தால் அது நீலமாகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு சரக்கு. மணியம் அண்ணனுடைய மாதிரி நீலமா ஆனது? பள்ளிக்கூடத்தில் மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி ஆனது! அது வரைக்கும் நான் பார்த்த எந்தப் புரோபோலிஸும் அந்த நிறத்துக்குப் போனதில்லை. எனக்கு ஏதோ என் பிள்ளை தேறிவிட்ட மாதிரி பெருமை.

அந்தப் பெருமையில்தான் ஆரஞ்சுத் துகள் உறுத்தியது. இவ்வளவு நல்ல சரக்கின் அறிக்கையில் 'ஆங்காங்கே துகள்கள்' என்று இருந்தால் அழுக்கு மாதிரி தெரியாதா? யோசித்தேன். கெலுலுட் மகரந்தமும் ஆரஞ்சாகத்தானே இருக்கும்? அவ்வளவுதான். என் அடிக்கோலை வைத்து அந்த வரியின் மேல் ஒழுங்காக ஒரு கோடு போட்டேன். 'மகரந்தம் கலந்த பழுப்பு' என்று எழுதினேன். காரணம், கையெழுத்து, தேதி எல்லாம் போட்டேன். மேடம் பார்த்தால் மெச்சுவார் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

என் மகள் கவிதா அப்போது தலைப்பிரசவத்துக்கு எங்கள் ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் பாயான் லெப்பாஸ்தான், மின்னணுத் தொழிற்சாலை. வாய் முழுக்கப் புண். ரசம் பட்டால் அழுகிறாள், தண்ணீர் பட்டால் அழுகிறாள். என் மனைவி சரோஜா புதன்கிழமை காலையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருல உள்ள சட்டினியெல்லாம் டெஸ்ட் பண்றீங்க. பெத்த பொண்ணு மூணு நாளா சாப்பிடல. ஒரு மருந்து தெரியாதா உங்களுக்கு?"

தெரியுமே! வாய்ப்புண்ணுக்குப் புரோபோலிஸ் நல்லது என்று நாலு கட்டுரை படித்திருந்தேன். கிருமி வளரும் கிண்ணத்தில் அதைச் சொட்டினால் சுற்றிலும் கிருமி செத்து ஒரு வெள்ளை வட்டம் விழுவதை நானே பார்த்திருக்கிறேன். "கிண்ணத்தில சாகிற கிருமி வேற, ஆளுக்குள்ள சாகிற கிருமி வேற" என்று மேடம் எத்தனையோ தடவை சொன்னது அந்தக் காலையில் ஞாபகம் வரவில்லை. மேடம்தான் கோலாலம்பூரில் இருந்தாரே.

அன்று மாலை மணியம் அண்ணனின் தூளில் ஆறு கிராமைப் பொட்டலம் கட்டினேன். சாப்பாட்டுக் கடையில் தாப்பாவ் வாங்குகிற மாதிரி. எடை குறைந்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே? புத்தகத்தில், 'அரைக்கும்போது ஆறு கிராம் சிதறியது' என்று எழுதினேன். கொஞ்சம் சிதறியது உண்மைதான். அரைக் கிராம் இருக்கும்.

என் முன்ஜாக்கிரதையைக் கேளுங்கள். கர்ப்பிணிக்குச் சாராயம் ஆகாது என்று எனக்குத் தெரியும். அதனால் சாராயத்தில் கரைத்து வடித்த வடிநீரைத் தொடவில்லை. தூளை அப்படியே தேனில் குழைத்து உருட்டினேன். பட்டாணியளவு. அதாவது, வடிதாள் எதையெல்லாம் தடுத்து நிறுத்தியிருக்குமோ, அதையெல்லாம் ஒன்று விடாமல் என் மகளுக்கு ஊட்டினேன். படிக்காதவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். படித்தவனும் செய்திருக்க மாட்டான். என்னை மாதிரி நடுவில் நிற்கிறவன்தான் செய்வான்.

புண் ஆறியது. அதுதான் கொடுமை. நாலாம் நாள் கவிதா காரக்குழம்பு கேட்டாள். சரோஜா பக்கத்து வீட்டு அக்காவிடம், "எங்க வீட்டுக்காரர் லேப்ல ஸ்பெஷலா செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காதில் விழாத மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த புதன்கிழமை மேடம் திரும்பி வந்தார். வந்ததும் முதல் வேலை, ஒரு வாரப் பதிவுப் புத்தகத்தைப் படிப்பது. எழுதியதைவிட வெட்டியதைத்தான் அவர் முதலில் படிப்பார். நான் குவளைகளை அடுக்குகிற மாதிரி நின்றேன்.

"தனபாலன், இதை ஏன் வெட்டினீங்க?"

"எதை மேடம்?"

"ஆரஞ்சுத் துகள்."

"அது மகரந்தம் மேடம். அதான் மாத்தி எழுதிட்டேன்."

"மகரந்தம் எண்டு யார் பார்த்தது?"

"கலரே சொல்லுது மேடம்."

"கலர் உங்களிட்ட வந்து சொன்னதோ? மைக்ரோஸ்கோப்பில வச்சீங்களா?"

 மேடம் எழுந்து மிச்சத் தூள் இருந்த சீசாவை எடுத்தார். ஒரு சிட்டிகையைக் கண்ணாடிக் குழாயில் இருந்த சாராயத்தில் போட்டு, மெதுவாக ஆட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிசின் கரைந்து சாராயம் தேயிலைச் சாயம் மாதிரி ஆனது. மெழுகும் தூசியும் நடுவில் மிதந்து அலைந்தன. ஆரஞ்சுத் துகள்கள் மட்டும் போட்ட வேகத்தில் நேரே அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. கல் மாதிரி.

"மகரந்தம் இப்படித் தாழுமோ?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஈயம் பாருங்க" என்றார்.

 வெளியே போய் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"சரோஜா, அந்த உருண்டைய இனிமே கொடுக்காதே."

"ஏன்? கடைசி ஒண்ணு இருந்துச்சி. இப்பதான் கொடுத்தேன்."

"கொடுத்திட்டியா?"

"முழுங்கிட்டா. ஏன், என்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். முப்பத்தோரு வருடத்தில் நான் சொன்ன பொய்களிலேயே மட்டமான பொய் அதுதான்.

ஈயம் பார்ப்பது நீளமான வேலை. தூளை எடைபோட்டு, கடும் அமிலம் ஊற்றி, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டும். பழுப்புப் புகை கிளம்பும். புகை அடங்கி, கரைசல் தெளியும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் பொங்கித் தெறிக்கும். பல மணி நேரம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். மற்ற நாளில் ஒரு கண்ணை அதில் வைத்துக்கொண்டே நாலு ஜோக் அடிப்பேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெருக்கல்தான். ஒரு நாளைக்கு இரண்டு, ஏழு நாளைக்குப் பதினான்கு. மறுபடி மறுபடி அதையே பெருக்கிக்கொண்டிருந்தேன். விடை மாறவே இல்லை.

கருவியில் வைத்தபோது எண் வரவில்லை. மேல் எல்லையைத் தாண்டிவிட்டது என்று சொல்லிற்று. பத்து மடங்கு நீர்த்தேன். தாண்டிவிட்டது. மறுபடி நீர்த்தேன். மூன்றாம் முறைதான் எண் வந்தது. அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். உணவில் அனுமதிக்கும் அளவுக்குப் பக்கத்தில்கூட அது இல்லை.

மேடத்திடம் தாளைக் கொடுத்தேன். கையை எடுக்கவில்லை. தாள் எங்கள் இருவர் கையிலும் இருந்தது.

"மேடம், சிதறலை."

"என்ன சிதறலை?"

"ஆறு கிராம். வீட்டுக்கு எடுத்திட்டுப் போனேன். மகளுக்குக் கொடுத்தேன்."

மேடம் தாளை விட்டுவிட்டார். தொட்டியடிக்குப் போய்க் கைகழுவினார். வேண்டிய அளவுக்கு மேல் நேரம் கழுவினார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை நாள்?"

"ஏழு."

"எத்தனை மாசம் அவவுக்கு?"

"அஞ்சு."

ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் கையால் மறைத்துக்கொண்டார். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை மறைப்பது மாதிரி. அதைவிடப் பயமான ஒன்றை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. எதையும் ஒளிக்கக்கூடாது என்பவர், எனக்கு ஒரு எண்ணை ஒளித்தார்.

பிறகு ஆய்வுக் கூடத்துத் தாளில் அளவுகளையெல்லாம் எழுதி, கையெழுத்திட்டு, உறையில் போட்டுக் கொடுத்தார். "இப்பவே போங்க. மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு. டொக்டரிட்ட ஒண்டும் மறைக்காதீங்க."

வீட்டில் சொன்னபோது சரோஜா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கூடத்து மின்விசிறியை நிறுத்தினாள், மறுபடி போட்டாள். கவிதாதான் பேசினாள்.

"அப்பா, பேக்டரியில என்னை சோல்டர் லைன்லேர்ந்து ஏன் மாத்துனாங்க தெரியுமா?"

தெரியும். அந்தப் பிரிவில் இன்னும் ஈயம் கலந்த பற்றாசு வைத்துத்தான் ஒட்டுகிறார்கள். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே அவளைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு அவளுக்குச் சம்பளம் குறைகிறதே என்று வாதாடியவன் நான்தான்.

"மூணு மாசமா அந்தப் பக்கம் நடந்துகூடப் போகல நான். சுத்திப்போய் கேன்டீனுக்குப் போறேன்" என்றாள்.  ஆஸ்பத்திரிக்குப் போகும் காடியில் பின்சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்தாள். முன்சீட்டு காலியாக இருந்தது.

மருத்துவர் இளம் மலாய்ப் பெண். மேடத்தின் தாளை இரண்டு முறை படித்தார். "இதைக் கண்டுபிடித்தது யார்?" என்று கேட்டார். "நான்" என்று சொல்ல வாய் வந்தது. "என் மேலதிகாரி. கொடுத்ததுதான் நான்" என்றேன். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நாளாகும், அதுவரை சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார். ஈயம் உடம்பில் சுண்ணாம்பு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு எலும்புக்குள் போய் உட்காரும், கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்பு இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கும், நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. இதையெல்லாம் அவர் மெதுவாகச் சொன்னார். எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்திருந்ததுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு பத்து காவானுக்குப் போனார். தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் இரண்டாம் பாலத்தில் ஏறினோம். கடல் மட்டும் இரண்டு பக்கமும் பளபளத்தது.

மணியம் அண்ணனின் பெட்டிகளைச் சுற்றி மரம் என்று சொல்ல நாலு வாழையும் ஒரு முருங்கையும்தான். முன்பு வேலியோரம் நின்ற மாவும் பலாவும் புதுச் சாலைக்குப் போய்விட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் பழைய இரும்புக் கேட்டுகளைச் சுரண்டிப் புதுப்பிக்கும் ஒரு பட்டறை. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முதலில் அடிப்பார்களே, பழைய காலத்து ஆரஞ்சு அடிப்பூச்சு, அதை அடித்து வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். காயாத பூச்சின் மேல் கொசு மாதிரி சின்னச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் மொய்த்துக் கொண்டிருந்தன. கெலுலுட். பின்னங்கால் இரண்டிலும் ஆரஞ்சுப் பொட்டலம். தேனீக்கு வேண்டியது ஒட்டுகிற ஒரு பசை. மரம் கொடுக்காவிட்டால் தாரில் எடுக்கும், பெயின்டில் எடுக்கும். மரம் எது, கேட் எது என்று அதற்கு யார் சொல்வது?

மேடம் விஷயத்தைச் சொன்னதும் மணியம் அண்ணன் நம்பவில்லை.

"தேனீ கெட்டத எடுக்குமா? அது கடவுள் படைப்பு லா, அம்மா."

"அவைக்குக் கெட்டது எண்டு தெரியாது. கூட்டை அடைக்க வேணும், அவ்வளவுதான்."

"அந்த நீலக்கலரு? தம்பி போன்ல சொன்னாரே, இந்த மாதிரி பார்த்ததே இல்லேன்னு!"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அறிக்கை போகும் முன் வாடிக்கையாளருக்குப் போன் செய்யக்கூடாது என்பது இன்னொரு விதி. அதையும் நான் விட்டு வைக்கவில்லை. "அந்தச் சோதனை இருக்கிற நல்லதைத்தான் காட்டும். வேற என்ன இருக்கு எண்டு கேட்டால்தான் சொல்லும்" என்றார் மேடம். "நீங்களும் சாப்பிட்டனீங்களோ?"

"தெனம் காலையில."

"அப்ப நீங்களும் ரத்தம் குடுங்க. பெட்டியெல்லாத்தையும் இங்கேயிருந்து மாத்துங்க. போத்தல் ஒண்டும் விற்காதீங்க."

மணியம் அண்ணன் பெட்டிகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். "வேற யாரு தம்பி சாப்பிட்டது?" என்று என்னைக் கேட்டார். "என் மகள்." அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அவரை ஆறுதல் சொல்லவைத்துவிட்டேன் என்பது இன்றைக்கும் கூசுகிறது.

முடிவு வரும்வரை எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். வீட்டில் பாலும் முருங்கைக் கீரையும் நெத்திலியுமாகச் சமையல். கவிதாவுக்கு முன்னால் தட்டு வைக்கும் உரிமை எனக்கு இல்லை. நான் தொட்ட தட்டை சரோஜா கழுவி மறுபடி வைத்தாள். ஒரு காலை நான் வழக்கம்போல் ஏதோ ஜோக் அடித்தேன். சிரிக்க யாரும் இல்லை என்று தெரிந்தும் வாய் அடித்துவிட்டது. குழந்தை உதைக்கிறதா என்று கேட்கப் பயம். கேட்காமல் இருக்கவும் பயம். கவிதா வயிற்றில் கை வைத்து நின்றால் என் மூச்சு நின்றுவிடும். உதைத்தால் அவளே அம்மாவிடம் சொல்வாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை மருத்துவமனையிலிருந்து போன். கவலைப்படவேண்டிய எல்லைக்குக் கீழே இருக்கிறது. சுத்தமாக இல்லை என்று சொல்லவில்லை. கீழே. உணவோடு சாப்பிட்டதால் எல்லாம் உடம்பில் ஏறவில்லை போலும், உடனே நிறுத்தியது நல்லது, மறு மாதம் மறுபடி பார்ப்போம் என்றார்கள். மறு மாதம் இன்னும் குறைந்தது. மணியம் அண்ணனுக்குக் கவிதாவைவிட அதிகம், அவருக்கு மாதக் கணக்கில் சிகிச்சை நடந்தது. பெட்டிகளை நிபோங் திபால் பக்கம் ஒரு பழத்தோட்டத்துக்கு மாற்றினார். இப்போது எது வந்தாலும் முதலில், "தம்பி, ஈயம் பாத்தியா?" என்பதுதான் அவர் கேள்வி.

என் பேரன் முழு எடையோடு பிறந்தான். இப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. என்னைவிட நன்றாக வாயாடுகிறான். ஆனாலும் அவன் கணக்கில் ஐந்து மதிப்பெண் குறைந்து வந்தால் எல்லோரும் திட்டுவார்கள், நான் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். சின்னப் பிள்ளைகள் கணக்கில் தப்புப் பண்ணத்தான் செய்வார்கள். எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து மதிப்பெண் எங்கே போனது என்று யார் எனக்குச் சோதித்துச் சொல்வது?

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். போனை வைத்ததும் நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாயான் லெப்பாஸுக்குப் பறந்தேன். வெள்ளைக் கோட்டைக்கூட மாட்டவில்லை. மேடம் தன் மேசையில் பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன், கீழேதான் மேடம், எல்லைக்குக் கீழேதான், டாக்டர் பயப்பட வேண்டாம்னு சொல்லிட்டாங்க, உங்க லெட்டரை ரொம்ப மெச்சினாங்க, நீங்க மட்டும் அந்த வெட்டின வரியைப் படிக்காம விட்டிருந்தா என் குடும்பமே என்று ஆரம்பித்து, சாமி, பூதம், அவருடைய அடிக்கோல் என்று எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டே போனேன். என் கண் கலங்கியிருந்தது. அவர் கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது என்று இன்றும் சத்தியம் செய்வேன், ஆனால் அதற்குச் சாட்சி இல்லை.

நான் மூச்சு விட நிறுத்தியபோது, மேடம் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, மேல்பையிலிருந்த அடிக்கோலை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"ஆறு கிராம் சிதறினது எண்டு இன்னும் எழுதிக் கிடக்குது."